கொக்கிப் பயனெட்: 1907 மாதிரித் துப்பாக்கிக் கத்தியை அடையாளம் காணுதல்

1907 மாதிரிப் பயனெட் என்பது பிரித்தானியப் படையின் குட்டை லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் பொருத்துவதற்காக உருவாக்கப்பட்ட நீண்ட கத்தி ஆகும். முதல் உலகப் போரில் பிரித்தானியா, இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் படைவீரர்கள் இதனைப் பயன்படுத்தினர். பிரித்தானியாவில் மட்டும் போர்க்காலத்தில் தோராயமாக 50 லட்சம் கத்திகள் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. எனவே ஐரோப்பாவின் பழம்பொருள் சந்தைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் படைக்கருவிகளுள் இதுவும் ஒன்று.

இந்த 50 லட்சத்துக்குள் சேராத ஒரு சிறு தொகுதி உண்டு. 1908 முதல் 1913 வரை செய்யப்பட்ட முதல் வகைக் கத்திகளின் கைக்காப்பில் முன்னோக்கி வளைந்த கொக்கி ஒன்று இருந்தது. அக்கொக்கி பின்னர் கைவிடப்பட்டது. ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த கத்திகளிலும் பெரும்பாலானவற்றிலிருந்து வெட்டி நீக்கப்பட்டது. கொக்கியோடு தப்பிய கத்திகள் இன்று அரியவை. அரியவை என்பதால் விலை மிகுந்தவை, விலை மிகுந்தவை என்பதால் போலிகளும் நிறைந்தவை. சந்தையில் துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு கத்தி எவ்வகையைச் சேர்ந்தது, எப்போது எங்கே செய்யப்பட்டது, அதன் கொக்கி உண்மையானதா என்பதை அதன் உடலிலுள்ள சான்றுகளைக் கொண்டே பெருமளவு கண்டறியலாம்.

பெயரும் பின்னணியும்

பயனெட் என்ற சொல் தென்மேற்குப் பிரான்சிலுள்ள பயோன் நகரின் பெயரிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே செருகப்படும் கத்திகள் வழக்கில் இருந்தன. கத்தியைச் செருகிய பின் சுட முடியாது என்ற குறையைத் தீர்க்க, குழலைச் சுற்றி மாட்டும் வளையமுடைய கத்திகள் வந்தன. குதிரைப்படை பாய்ந்து வரும்போது காலாட்படை வீரனுக்குத் துப்பாக்கியையே ஈட்டியாக மாற்றிக் கொடுத்தது இந்த ஏற்பாடு. துப்பாக்கியும் கத்தியும் சேர்ந்து எவ்வளவு தூரம் எட்டும் என்பது அதனால் முக்கியமான கேள்வியாயிற்று.

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது பிரித்தானியக் காலாட்படையிடம் நீண்ட துப்பாக்கியும், குதிரைப்படையிடம் குட்டையான கார்பைனும் இருந்தன. இரு பிரிவுக்கும் பொதுவான ஒரே துப்பாக்கி வேண்டும் என்பது அப்போரின் பாடங்களுள் ஒன்று. அதன் விளைவாக 1902ஆம் ஆண்டின் இறுதியில் குட்டை லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஏற்கப்பட்டது. அதன் மேம்பட்ட வடிவமான மூன்றாம் மார்க் 1907இல் வந்தது. பழைய நீண்ட துப்பாக்கியைவிட இது ஏறத்தாழ 5 அங்குலம் குட்டை. இத்துடன் முதலில் வழங்கப்பட்ட 1903 மாதிரிப் பயனெட்டின் அலகு 12 அங்குல நீளமே கொண்டது.

துப்பாக்கி குறுகியதால் வீரனின் எட்டும் தூரம் குறைந்துவிட்டது என்ற கவலை உடனே எழுந்தது. நீண்ட துப்பாக்கி வைத்திருக்கும் ஐரோப்பியப் படைகளுக்கு எதிரே பிரித்தானிய வீரன் பின்தங்கிப்போவான் என்று அஞ்சினர். இதற்கான விடை கிழக்கிலிருந்து வந்தது.

கொக்கியின் வரவும் மறைவும்

1904-05இல் நடந்த ருசிய-சப்பானியப் போரைப் பல நாடுகளின் படை அதிகாரிகள் நேரில் கவனித்தனர். சப்பானியப் படையுடன் சென்ற பிரித்தானியப் பார்வையாளர்களுள் பின்னாளில் கலிப்போலிப் படையெடுப்புக்குத் தலைமை தாங்கிய சர் இயன் ஹாமில்டனும் ஒருவர். சப்பானிய வீரர்கள் அரிசாகா துப்பாக்கியில் 30ஆம் வகைப் பயனெட்டைப் பொருத்தியிருந்தனர். அதன் அலகு சுமார் 40 செ.மீ. நீளம். கைக்காப்பின் கீழ்முனை கொக்கி போல வளைந்திருந்தது.

பிரித்தானியாவில் பல சோதனைகளுக்குப் பின் உருவான 1907 மாதிரி, சப்பானியக் கத்தியின் அமைப்பைப் பெரிதும் பின்பற்றியது. இது 1908ஆம் ஆண்டு சனவரியில் முறைப்படி ஏற்கப்பட்டது. அலகின் நீளம் 17 அங்குலமாக, அதாவது சுமார் 43 செ.மீ. ஆக உயர்ந்தது. துப்பாக்கியில் குறைந்த 5 அங்குலத்தைக் கத்தியில் கூட்டிய 5 அங்குலம் ஈடுசெய்தது. சப்பானியக் கொக்கியும் அப்படியே வந்து சேர்ந்தது.

எதிரியின் கத்தியை இக்கொக்கியில் சிக்கவைத்து முறுக்கித் தட்டிவிடலாம் என்பது எண்ணம். நடைமுறையில் அதற்கு வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. மாறாகக் கொக்கி புதரிலும், கயிற்றிலும், அருகில் நிற்பவரின் தோள்வாரிலும் மாட்டிக்கொண்டது. 1913ஆம் ஆண்டு அக்டோபரில் கொக்கியில்லாத வடிவம் ஏற்கப்பட்டது. அதன்பின் செய்யப்பட்டவற்றின் கைக்காப்பு கீழ்முனையில் குட்டையாகவும் மழுங்கியும் இருந்தது. முன்பு செய்யப்பட்ட கத்திகள் பழுதுபார்க்க வரும்போது படைக்கருவிப் பணியாளர்கள் கொக்கியை வெட்டி முனையை அராவி விட்டனர்.

ஆகவே போர் 1914 ஆகஸ்டில் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே கொக்கி அதிகாரப்படி மறைந்துவிட்டது. போர்க்காலத்தில் பெருகிய லட்சக்கணக்கான கத்திகளில் கொக்கி இல்லாததற்கு இதுவே காரணம்.

முதல் பார்வை: வடிவமும் அளவும்

முத்திரைகளை ஆராயும் முன் கத்தியை அளந்து பார்ப்பது வழக்கம். 1907 மாதிரியின் மொத்த நீளம் ஏறத்தாழ 55 செ.மீ., எடை சுமார் அரைக் கிலோ. அலகு நேரானது. ஒருபுறம் மட்டுமே கூர் கொண்டது. இரு பக்கங்களிலும் அலகின் பெரும்பகுதி நீளத்துக்கு ஒரு பள்ளக்கோடு ஓடும். எடையைக் குறைத்து விறைப்பைக் காப்பது இப்பள்ளத்தின் வேலை. கிராமத்து வழக்கில் இதனை இரத்தம் வடியும் வாய்க்கால் என்று சொல்வதுண்டு. அது பிழையான நம்பிக்கை.

கைப்பிடியில் இரு மரத்துண்டுகள் இரண்டு திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். கைக்காப்பின் மேல்முனையில் ஒரு வளையம் இருக்கும். இவ்வளையம் துப்பாக்கிக் குழலில் மாட்டுவதன்று. குழல்வாய்க்குக் கீழே, துப்பாக்கியின் முனைமூடியிலுள்ள சிறு குமிழில் மாட்டுவது. கைப்பிடியின் அடியிலுள்ள எஃகுக் குமிழில் ஒரு நீள்காடி வெட்டப்பட்டிருக்கும். அதைத் துப்பாக்கியின் கட்டையில் செலுத்தினால் சுருள்வில் பொத்தான் பூட்டிக்கொள்ளும்.

அக்குமிழில் ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதுங்குகுழிச் சேறு காடியில் அடைத்துக்கொண்டு கத்தி பூட்டாமல் போனதால், சேற்றைக் குத்தி வெளியேற்ற வசதியாக 1916இல் இத்துளை சேர்க்கப்பட்டது. பழைய கத்திகளிலும் பழுதுபார்க்கும்போது துளையிட்டனர். எனவே துளை இருப்பது கத்தி 1916க்குப் பின் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. 1916க்குப் பின்னும் பணியில் இருந்தது என்பதற்கே சான்று. துளையில்லாத கத்தி அதற்குள் பணியிலிருந்து விலகியிருக்கலாம், அல்லது பட்டறைக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

முத்திரைகளை வாசித்தல்

கைக்காப்பை ஒட்டிய அலகின் தட்டையான அடிப்பகுதியே இக்கத்தியின் பிறப்புச் சான்றிதழ். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கிரீடம், அரசரின் முதலெழுத்துகள், 1907 என்ற எண், தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் பெயர் ஆகியவை இருக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 1907 என்பது தயாரிப்பு ஆண்டு அன்று, மாதிரியின் பெயர். 1918இல் செய்யப்பட்ட கத்தியிலும் 1907 என்றே இருக்கும். உண்மையான தேதி அதற்குக் கீழே சிறிய எண்களில் இருக்கும். முதல் எண் மாதம், அடுத்த இரு இலக்கங்கள் ஆண்டு. 5, 12 என்று இருந்தால் 1912ஆம் ஆண்டு மே மாதம் என்று பொருள்.

அரசரின் எழுத்துகள் இத்தேதியைச் சரிபார்க்க உதவும். ஈ.ஆர். என்பது ஏழாம் எட்வர்டைக் குறிக்கும். அவர் 1910 மே 6 அன்று இறந்தார். ஜி.ஆர். என்பது அடுத்து வந்த ஐந்தாம் சார்சைக் குறிக்கும். ஈ.ஆர். எழுத்துகளும் 1915ஆம் ஆண்டுத் தேதியும் ஒரே அலகில் இருந்தால் அங்கு ஏதோ முரண் உள்ளது என்று அறியலாம்.

மறுபக்கத்தில் ஆய்வு முத்திரைகள் இருக்கும். அகன்ற அம்புக்குறி அரசு உடைமை என்பதைக் காட்டும். எக்ஸ் வடிவக் குறி அலகை வளைத்துச் சோதித்ததைக் காட்டும். சிறு கிரீடமும் எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறிகள் ஆய்வாளர்களுடையவை. இரு அம்புகள் முனையோடு முனை எதிர்நோக்கி நின்றால், படைப்பணியிலிருந்து நீக்கி முறைப்படி விற்கப்பட்ட கத்தி என்று பொருள். பட்டறையில் புதுப்பித்து மீண்டும் வழங்கியபோது ஆண்டின் கடைசி இரு இலக்கங்களைக் கூடுதலாகப் பொறிப்பதும் உண்டு.

நாடுகளுக்கு உரிய குறிகளும் உள்ளன. இரு டி எழுத்துகளுக்கு நடுவே அம்பு இருந்தால் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை. என் எழுத்துக்கும் இசட் எழுத்துக்கும் நடுவே அம்பு இருந்தால் நியூசிலாந்து. யூ எழுத்துக்குள் அம்பு இருந்தால் தென்னாப்பிரிக்கா. ஐ எழுத்துக்கு மேல் அம்பு இருந்தால் இந்தியா. ஆஸ்திரேலியக் கத்திகளில் படை மாவட்ட எண்களும் காணப்படும். முதலாவது குயின்சுலாந்து, இரண்டாவது நியூ சவுத் வேல்ஸ், மூன்றாவது விக்டோரியா, நான்காவது தெற்கு ஆஸ்திரேலியா, ஐந்தாவது மேற்கு ஆஸ்திரேலியா, ஆறாவது டாஸ்மேனியா.

கைப்பிடியின் அடிக்குமிழில் படைப்பிரிவின் முத்திரை இருக்கலாம். பட்டாலியன் எண், படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கம், கருவியின் வரிசை எண் என்ற ஒழுங்கில் இது அமையும். போர் தொடங்கி ஆயுதங்கள் அவசரமாக வழங்கப்பட்டபோது இவ்வழக்கம் தளர்ந்தது. ஆதலால் படைப்பிரிவு முத்திரை கொண்ட கத்திகள் பெரும்பாலும் போருக்கு முந்தியவை. அவை ஆய்வாளர்களால் தனிக் கவனத்துடன் பார்க்கப்படுகின்றன.

தயாரிப்பாளர்கள்

என்ஃபீல்டிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலை ஈ.எஃப்.டி. என்ற சுருக்கத்தைப் பொறித்தது. தனியார் நிறுவனங்களுள் இலண்டனின் வில்கின்சன் முதன்மையானது. அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கத்திகளைச் செய்ததாகக் கருதப்படுகிறது. செஃபீல்டு நகரின் சாண்டர்சன் அடுத்த இடத்தில் உள்ளது. அதே நகரின் சாப்மன், பர்மிங்காமின் மோல் ஆகியவை குறைந்த எண்ணிக்கையில் செய்தன. விக்கர்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த கத்திகள் மிகச் சிலவே. தயாரிப்பாளர் பெயரினாலேயே அரியதாகும் வகை இது.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனமும் பிரித்தானியாவுக்காக 1907 மாதிரியைச் செய்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை 1912இல் திறக்கப்பட்டது. அங்கு செய்யப்பட்ட முதற்கட்டக் கத்திகள் கொக்கியுடனே வெளிவந்தன. பிரித்தானியாவின் முடிவு அங்கு நடைமுறைக்கு வரச் சற்றுக் காலம் பிடித்தது. லித்கோ பெயரும் கொக்கியும் ஒருசேர அமைந்த கத்தி சேகரிப்பாளர்களிடையே பெரிதும் மதிக்கப்படுகிறது. இந்தியாவில் வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைப் பொறித்தது. சயாம் அரசரின் காட்டுப் புலிப் படைக்குச் சென்ற கத்திகளில் புலித்தலை முத்திரை காணப்படும்.

மூன்று கத்திகள்: ஓர் ஒப்பீடு

மேலே கண்ட சான்றுகளை எவ்வாறு இணைத்துப் பார்ப்பது என்பதற்கு மூன்று கத்திகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கத்தியில் ஈ.ஆர். எழுத்துகள், 9, 09 என்ற தேதி, ஈ.எஃப்.டி. என்ற பெயர் ஆகியவை உள்ளன. கொக்கி இல்லை. கைக்காப்பின் கீழ்முனையில் அராவிய தடம் தெரிகிறது. அடிக்குமிழில் துளை உண்டு. இதன் வரலாறு தெளிவானது. 1909 செப்டம்பரில் என்ஃபீல்டில் கொக்கியுடன் செய்யப்பட்டது. 1913 அக்டோபருக்குப் பின் ஏதோ ஒரு பட்டறையில் கொக்கியை இழந்தது. 1916இலோ அதன் பின்னரோ துளையிடப்பட்டது. அதாவது இரு முறையேனும் மாற்றம் பெற்று, போர் முடியும் காலத்திலும் பணியில் இருந்த கத்தி. கொக்கி இல்லாவிட்டாலும் இது அரிய வகையின் எஞ்சிய உறுப்பே.

இரண்டாம் கத்தியில் ஜி.ஆர். எழுத்துகளும் 2, 17 என்ற தேதியும் வில்கின்சன் பெயரும் உள்ளன. பளபளப்பான கொக்கியும் உள்ளது. இதற்கு வரலாறு இடம் தரவில்லை. 1917இல் வில்கின்சன் கொக்கியுடன் கத்தி செய்யவில்லை. பிற்காலத்தில் யாரோ கொக்கியை ஒட்டவைத்திருக்கிறார்கள், அல்லது வேறொரு கத்தியின் கைக்காப்பை மாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாம் கத்தியில் ஜி.ஆர். எழுத்துகள், 3, 12 என்ற தேதி, கொக்கி, துளையற்ற குமிழ், படைப்பிரிவு முத்திரை ஆகியவை உள்ளன. எல்லாச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆயினும் இக்கட்டத்திலும் கொக்கியை உருப்பெருக்கியால் ஆராயாமல் முடிவுக்கு வரக் கூடாது. தேதியைப் போலியாகப் பொறிப்பது கடினம். ஆனால் கொக்கி வெட்டப்பட்ட உண்மையான 1912ஆம் ஆண்டுக் கத்தியில் புதுக் கொக்கியை ஒட்டுவது எளிது.

போலிக் கொக்கியைக் கண்டறிதல்

உண்மையான கொக்கி தனித் துண்டு அன்று. கைக்காப்பு முழுவதும் ஒரே எஃகுத் துண்டிலிருந்து அடித்து உருவாக்கப்பட்டது. ஆகவே கொக்கி தொடங்கும் இடத்தில் இணைப்புக்கோடு எதுவும் இருக்காது. வெல்டிங் செய்து ஒட்டியிருந்தால் அவ்விடத்தில் நிறம் சற்று வேறுபடும். நுண்ணிய குமிழிப் பள்ளங்கள் தெரியும், அல்லது அவற்றை மறைக்க அராவிய புதுக் கீறல்கள் தெரியும்.

துருவும் ஒரு சாட்சி. நூறு ஆண்டுகள் ஒன்றாக இருந்த உலோகம் ஒன்றாகவே கறுத்திருக்கும். அலகும் வளையமும் ஆழ்ந்த பழுப்பாகவும் கொக்கி மட்டும் இளஞ்சிவப்புத் துருவுடனும் இருந்தால் ஐயுற வேண்டும். கொக்கியின் வளைவும் முக்கியம். உண்மையானது சீராக வளைந்து, முனையில் சற்றுத் தடித்துத் திரண்டு முடியும். கையால் வளைத்தவற்றில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் பிசகும். அருங்காட்சியகங்களில் உள்ள ஐயத்துக்கு இடமற்ற கத்திகளின் படங்களோடு பக்கவாட்டுத் தோற்றத்தை ஒப்பிடுவது நல்ல வழி.

போலிக் கொக்கியால் வரும் இழப்பு வாங்குபவரின் பணம் மட்டுமன்று. முதல் கத்தியைப் போன்ற ஒன்றில் கொக்கியை ஒட்டும்போது, 1913ஆம் ஆண்டின் முடிவுக்கு உடற்சான்றாக நின்ற அராவல் தடம் அழிந்துபோகிறது. கொக்கி நீக்கப்பட்ட கத்தி குறைபட்ட பொருள் அன்று. ஒரு படை தன் தவறான கணிப்பைத் திருத்திக்கொண்டதன் பதிவு அது.

ஒத்த தோற்றம் கொண்டவை

1907 மாதிரியோடு எளிதில் குழம்பும் கத்தி 1913 மாதிரி. அமெரிக்காவில் செய்யப்பட்ட 1914 மாதிரித் துப்பாக்கிக்காக ரெமிங்டன், வின்செஸ்டர் நிறுவனங்கள் இதனைச் செய்தன. இதன் மரக் கைப்பிடியில் குறுக்காக இரு ஆழமான வெட்டுகள் இருக்கும். தடவிப் பார்த்தே வேறுபாட்டை உணர்வதற்காக வைத்த அடையாளம் அது. அலகில் 1913 என்று பொறித்திருக்கும். பின்னர் அமெரிக்கப் படைக்காகவே செய்யப்பட்ட 1917 மாதிரியிலும் அதே வெட்டுகள் உண்டு. அதில் கிரீடத்துக்கு மாறாக யூ.எஸ். என்ற எழுத்துகள் இருக்கும்.

சப்பானிய 30ஆம் வகைக் கத்தியில் கொக்கி இருப்பதால் அதை அரிய பிரித்தானியக் கத்தி என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. சப்பானியக் கத்தியில் கிரீடமோ ஆங்கில எழுத்தோ இராது. ஆயுதச்சாலையின் சின்னம் மட்டுமே இருக்கும். அதன் அலகும் 3 செ.மீ. அளவுக்குக் குட்டை.

விற்பனைக் கதைகளும் தேதியின் தீர்ப்பும்

பழம்பொருள் சந்தையில் கத்தியோடு ஒரு கதையும் விற்கப்படும். மோன்ஸ், கலிப்போலி, சோம் ஆகிய பெயர்கள் விலையைக் கூட்டும். அலகிலுள்ள தேதி இக்கதைகள் பலவற்றை ஒரே நொடியில் முடித்துவைக்கும். மோன்ஸ் போர் 1914 ஆகஸ்டு 23 அன்று நடந்தது. 1915ஆம் ஆண்டுத் தேதியுள்ள கத்தி அங்கு இருந்திருக்க முடியாது. கலிப்போலியில் 1915 ஏப்ரல் 25 அன்று இறங்கிய படைகள் 1916 சனவரி 9க்குள் முற்றாக வெளியேறிவிட்டன. 1916 மே மாதத்துக் கத்தி கலிப்போலி மண்ணைக் கண்டிருக்காது.

தேதி பொருந்தினாலும் கதை மெய்ப்பிக்கப்படுவதில்லை. 1914 தேதியிட்ட கத்தி நான்கு ஆண்டுகளும் ஒரு பயிற்சி முகாமிலேயே கிடந்திருக்கலாம். தேதியால் ஒரு கதையைப் பொய்யாக்க முடியும், மெய்யாக்க முடியாது. படைப்பிரிவு முத்திரை, கிடைத்த இடம், குடும்பத்தில் தொடர்ந்து வந்த ஆவணங்கள் ஆகியவை சேர்ந்தால்தான் ஒரு குறிப்பிட்ட போர்முனையோடு கத்தியை இணைத்துப் பேச இயலும்.

போரில் பயனெட்டின் பங்கு பற்றிய மிகை எண்ணங்களும் கவனத்துக்குரியவை. முதல் உலகப் போரின் காயங்களில் பயனெட்டால் நேர்ந்தவை மிகச் சிறு பகுதியே. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியுமே பெரும்பாலோரை வீழ்த்தின. குறுகிய பதுங்குகுழியில் நீண்ட கத்தி பொருத்திய துப்பாக்கியைத் திருப்புவதே கடினம். எட்டும் தூரத்துக்காக நீட்டப்பட்ட அலகு, எட்டும் தூரம் பெரிதாகப் பொருட்படாத போர்முறையைச் சந்தித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா தன் 4ஆம் எண் துப்பாக்கிக்கு வெறும் 8 அங்குல ஆணி வடிவப் பயனெட்டையே தேர்ந்தெடுத்தது.

இந்தியத் தொடர்பு

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படையின் இலாகூர் டிவிசன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பழைய துப்பாக்கிகளுக்குப் பதிலாகப் புதிய மூன்றாம் மார்க் குட்டைத் துப்பாக்கிகள் பிரான்சில் அவர்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றோடு சேர்ந்தது 1907 மாதிரிப் பயனெட். பழக்கமற்ற புதுத் துப்பாக்கியுடன் சில வாரங்களிலேயே அவர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர்.

1915 மார்ச்சு 10 அன்று தொடங்கிய நெவ் சப்பேல் போரில், 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் படையைச் சேர்ந்த கபர் சிங் நேகி, குண்டுகளுடன் செருமானியப் பதுங்குகுழிக்குள் நுழைந்த பயனெட் அணியில் இருந்தார். ஒவ்வொரு வளைவாக முன்னேறி எதிரிகளைச் சரணடையச் செய்தவர் அப்போரிலேயே உயிரிழந்தார். இறப்புக்குப் பின் அவருக்கு விக்டோரியா கிராசு வழங்கப்பட்டது. நெவ் சப்பேலிலுள்ள இந்திய நினைவிடத்தில் புதைகுழி அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

வடபிரான்சின் சந்தை ஒன்றில் கிடைக்கும் 1914ஆம் ஆண்டுக் கத்தி இவர்களுள் ஒருவரின் இடுப்பில் தொங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் பிரித்தானியக் கையிருப்பிலிருந்து வழங்கப்பட்டதால், அதை ஏந்தியவர் இந்தியர் என்பதைக் கத்தி தானாகச் சொல்லாது. முத்திரை வாசிப்பின் எல்லை இதுவே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் பழைய 1907 மாதிரிக் கத்திகள் 12 அங்குல அலகாக வெட்டிக் குறைக்கப்பட்டன. பள்ளக்கோடு இல்லாத குட்டைக் கத்திகள் புதிதாகவும் செய்யப்பட்டன. இக்கால இந்தியக் கத்திகளில் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள் காணப்படும். இறுதி எழுத்து பேரரசர் என்பதைக் குறிக்கிறது. வெட்டிக் குறைத்த கத்தியில் பள்ளக்கோடு முனைவரை ஓடி அங்கேயே அறுபட்டு நிற்பதைக் கொண்டு அதன் பழைய நீளத்தை உணரலாம். இக்கத்திகள் பொருந்திய துப்பாக்கி, விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் '303' என்ற பெயரில் இந்தியக் காவல்துறையினர் கைகளில் இருந்தது.

பேணுதலும் சட்டமும்

கத்தி கிடைத்தவுடன் உப்புத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் தேய்த்துப் பளபளப்பாக்குவதே அதற்குச் செய்யும் பெருங்கேடு. ஆய்வு முத்திரைகள் மிக ஆழம் குறைந்தவை. சில நிமிடத் தேய்ப்பில் படைப்பிரிவு எண்ணும் தேதியும் மறைந்துவிடும். முதலில் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி எல்லாப் பக்கங்களையும் படம் எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்துணியால் தளர்ந்த துருவை மட்டும் துடைத்தால் போதும். கைப்பிடி மரத்தைக் கழற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. பழைய திருகாணிகள் எளிதில் சிதையும். மரத்தின் மேலும் முத்திரைகள் இருக்கலாம். தோலுறை இருந்தால் அதைக் கத்தியிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். பழைய தோல் ஈரத்தை ஈர்த்து அலகைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் கூர்முனை ஆயுதங்களின் வரிசையில் பயனெட் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளில் இத்தகைய ஆயுதங்களுக்கு உரிமம் தேவைப்படும். நூறு ஆண்டுகளைக் கடந்த பொருள்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கொக்கியுடன் செய்யப்பட்ட கத்திகள் அனைத்தும் இன்று நூறு ஆண்டுகளைக் கடந்தவை.

ஒரு பயனெட்டின் கைக்காப்பு, தேதி, எழுத்துகள், துளை, அராவல் தடம் ஆகிய ஐந்தையும் ஒன்றுக்கொன்று முரணின்றி இணைக்க முடிந்தால் அதன் அடையாளம் உறுதிப்படுகிறது. ஒன்று முரண்பட்டாலும் அந்த முரணுக்கான காரணத்தைத் தேட வேண்டும். சில வேளை அக்காரணம் ஒரு மோசடியாக இருக்கும். சில வேளை 1916ஆம் ஆண்டின் சேற்றில் நின்ற ஒரு பட்டறைப் பணியாளரின் கைவேலையாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே பழம்பொருள் ஆய்வின் பணியாகும்.